ஐந்து நிமிடத்துப் பிள்ளைகள்

மைனியை உப்பில்லாத நல்ல தண்ணீரில் இறக்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் பிலோமி தொட்டியின் அடியைத் தேடத் தொடங்கிவிட்டாள். மைனி ஒரு மீன். பதினோரு கிலோ கொடுவா. புன்னைக்காயலுக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தை ஒட்டி இருக்கிற இந்த மீன்குஞ்சு ஹேச்சரியின் சினைத்தொட்டியில் எட்டு வருஷமாகக் குடியிருக்கிற மீன். வந்த புதிதில் அது ஆணாகத்தான் இருந்தது. கொடுவாவின் பிறவியே அப்படி, நாலைந்து வருஷம் ஆணாக வாழ்ந்துவிட்டு, ஒரு நாள் யாரையும் கேட்காமல் பெண்ணாக மாறிவிடும். தொட்டி வேலைக்கு இருக்கிற தொம்மை அண்ணன் அதற்கு முதலில் வைத்த பெயர் மச்சான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பங்குனியில் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தபோது உள்ளேயிருந்து முட்டை வந்தது. அவர் மீனைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்து, இனிமே மைனின்னு கூப்பிட்டாத்தான் மரியாதை என்று சொன்னார், சிரிக்காமல். அன்றிலிருந்து மைனி, ஊர்ப்பேச்சில் அண்ணி. அந்த மைனி இப்போது ஆயிரம் லிட்டர் நீலத் தொட்டிக்குள், கிராம்பு எண்ணெய் மயக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற தொம்மை அண்ணனின் இரண்டு முன்கைகளின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. இடது கண்ணில் பால்பாடை மாதிரி ஒரு மூட்டம். முதுகில் இரண்டு இடத்தில் செதில் போய்ச் சிவந்திருந்தது, சுவரில் உரசி உரசிப் போனது. இதே மூட்டத்தோடும் இதே சிவப்போடும் இருந்த இரண்டு பெண் மீன்களை மூன்று வாரத்துக்குள் தென்னைமரத்தடியில் புதைத்தாகிவிட்டது. முட்டையோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான், அமாவாசைக்கு நாலு நாள் இருக்கிறது, இது பிழைத்தால் அன்றைக்கு முட்டை விடும், இல்லையென்றால் மூன்றாவது குழி. இங்கே மீன் வைத்தியம் பார்க்கிற பிலோமி தொட்டியின் விளிம்பில் வயிற்றைச் சாய்த்து, முகத்தைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வைத்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட போன் ஸ்டூலின் மேல் நிமிடமும் நொடியுமாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்று பத்து. ஒன்று பதினொன்று. இன்னும் ஒன்றுமே வெளுக்கவில்லை.

வெளுக்க வேண்டும், அதுதான் கணக்கு. கண்ணாடிப்பூச்சி என்று இங்கே எல்லோரும் அதைச் சொல்வார்கள், உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது, மீன்மேல் ஆயிரம் பூச்சி அப்பியிருந்தாலும் மீன் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரிதான் இருக்கும். ஒரு பச்சரிசி அளவு, ஆனால் தட்டை, முனையில் ஒரு வட்டக் கிண்ணம், கிண்ணத்துக்குள் மூன்று ஜோடிக் கொக்கி. அந்தக் கிண்ணத்தால் செதிலைக் கவ்விக்கொண்டு, மறுமுனையால் தோலை மேய்ந்துகொண்டே வட்டம் வரும், கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி. முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று பிலோமி சாப்பிடப் போகவில்லை. உள்ளே குடல் தெரிந்தது, முட்டை ஒன்று உருண்டு வெளியே வரக் காத்திருந்தது தெரிந்தது, இத்தனையையும் வைத்துக்கொண்டு எப்படி ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கிறது, திருடன் என்றால் இவனல்லவா திருடன், வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், வீட்டுக்காரனுக்கு அரிப்பு மட்டும்தான் தெரிகிறது. முட்டையோ அதைவிட. மூன்று மூலை வைத்த சின்னப் பெட்டி, மூலையிலிருந்து நீளமாக ஒரு நூல், அந்த நூல் போய்த் தொட்டிக்குள் கட்டியிருக்கிற வலையில் சிக்கும், சிக்கினால் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் போகாது. தகப்பனுக்கும் தாய்க்கும் தனித்தனியாக ஆள் வேண்டாம், ஒரே பூச்சிக்குள் இரண்டும் இருக்கிறது, ஒன்று மிஞ்சினாலே போதும், மறுபடி ஊர் நிரம்பிவிடும். இவ்வளவும் படைத்த அதற்கு ஒரே ஒரு குறை, நல்ல தண்ணீர் ஆகாது. உப்புக்கென்று பின்னிய உடம்பு அது. உப்பில்லாத தண்ணீர் நாலாபுறமும் உள்ளே புகுந்து ஊதி, கண்ணாடி பால்நிறமாகி, பிடி விட்டு, பொலபொலவென்று விழும். முன்பெல்லாம் மூன்றாவது நிமிடத்தில் தொட்டியின் அடி முழுவதும் தேங்காய்ப்பூ துருவிப் போட்ட மாதிரி ஆகிவிடும். இத்தனையா இருந்தது என்று தொம்மை அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்பார், புதிதாகக் கேட்பதுபோல. இன்று அவர் கேட்கவில்லை. இரண்டு நாற்பது. அடியில் நீலம் நீலமாகவே இருந்தது. ஒருவேளை பூச்சியே இல்லையோ, கண்ணில் இருப்பது வேறு நோயோ, என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. உடனே, அப்படியென்றால் சுவரில் எதற்கு உரசியது என்று இன்னொரு குரல் கேட்டது, அதுவும் அவள் குரல்தான், பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி.

கிராம்பு வாசனை மூக்கின் அடியிலேயே நின்றது. பல்வலி வாசனை அது. திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்தபோது கடைவாய்ப்பல்லில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்த வாசனை. ஹாஸ்டல் என்றால் உடனே தண்ணீர்தான் நினைவுக்கு வரும் அவளுக்கு. போன முதல் மாதம் முழுவதும் உள்ளங்கைத் தோல் உரிந்தது, தலைமுடி சீப்போடு வந்தது, பக்கத்துக் கட்டில் பெண்கள் எல்லாம் ஆற்றுத் தண்ணிக்கு முடி செழிக்கும் என்று சொல்லிக்கொண்டு தளதளவென்று திரிகிறபோது கடற்கரைக்காரி ஒருத்தி மட்டும் உரிந்துகொண்டிருந்தாள். மூன்றாவது மாதம் எல்லாம் நின்றுவிட்டது. உடம்பு என்னவோ ஒரு கதவைச் சாத்தி இன்னொரு கதவைத் திறந்துகொண்டது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லீவுக்கு ஊருக்கு வந்தால் ஊர்த் தண்ணீர் உப்புக் கரித்தது, ஒரு வாரம் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா சிரித்தாள், ஆத்துக்காரி வந்திருக்கா, இவளுக்குத் தனிக்குடம் வைங்க. கொடுவாவுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. முகத்துவாரத்தில் பிறந்து, கடுகளவு குஞ்சாக இருக்கும்போதே ஆற்றில் ஏறி, குளம் குட்டை வாய்க்கால் எல்லாம் சுற்றி வளர்ந்து, மணம் முடிக்கிற வயதில் கடலுக்கு இறங்கி வருகிற மீன். உப்புக்குள் போனால் உப்பைத் துப்பும், நல்ல தண்ணீருக்குள் வந்தால் தண்ணீரைத் துப்பும். அதனால்தான் இந்த வைத்தியமே. வீட்டுக்காரனுக்குத் தாங்கும், திருடனுக்குத் தாங்காது. ஆற்றிலிருக்கிற மீன்பேனுக்கு இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும், கெண்டைமேல் வட்டமாக ஒட்டியிருக்கும் அதைக் கல்லுப்புத் தண்ணீரில் முக்கினால் பிடியை விட்டு நீந்தித் திரியும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தண்ணீரை நம்பி வீடு கட்டியிருக்கிறது. எட்டாவது படிக்கும்போது ஒரு பாரை மீனைக் கழுவ அதன் வாயைத் திறந்தாள், நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பூச்சி உட்கார்ந்து இரண்டு கறுப்புக் கண்ணால் அவளைப் பார்த்தது. மீனின் நாக்கு வற்றிப் போயிருந்தது, அதன் குச்சிமேல் இது ஏறி உட்கார்ந்து நாக்காகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அலறிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டாள். பிலோமி அதை எடுத்து ஒரு தம்ளரில் கடல் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தாள், சாயங்காலம்வரை. எந்த மீன் வாய் எவ்வளவு அகலம், எத்தனை காலால் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் வீட்டுக்காரனுக்கு இடைஞ்சல் இல்லை, எல்லாம் அதற்குத் தெரிந்திருக்கிறதே என்று ஒரு மலைப்பு. அந்தத் தம்ளர்தான் அவளை மீன் படிப்புக்கென்று ஹாஸ்டலுக்கு அனுப்பியது என்று சொல்ல வேண்டும், மார்க்கு இல்லை. நாலு நிமிடம். ஒன்றும் விழவில்லை.

தொம்மை அண்ணன் தண்ணீரைப் பார்க்கவில்லை, மீனின் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னே சங்கு குளித்தவர், பன்னிரண்டு பாகம், எழுபது அடி ஆழத்தில் மூச்சை அடக்கி இருந்தவர், மூச்சென்றால் அவருக்குப் புத்தகம் வேண்டாம். மீனை அவர் பிடித்திருந்த விதத்தை வெளியாள் பார்த்தால் ஆச்சரியப்படுவான், அவ்வளவு பெரிய கைகள், பூசைக்குப் பூ ஏந்துகிற மாதிரி விரல்களை விரித்து, எங்கேயும் அழுத்தாமல். நாலு வருஷமாக அப்படித்தான் பிடிக்கிறார். போன் அதிர்ந்தது, ஐந்து நிமிடம் முடிந்தது. அவர் பழக்கப்படி மீனைச் சற்றுத் தூக்கி, உப்புத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உடம்பைத் திருப்பினார். இருங்கண்ணே என்றாள் பிலோமி. அவர் அஞ்சாயிட்டு என்றார். இந்த ஹேச்சரியில் அஞ்சு என்பது வேதம் மாதிரி, அதை எழுதியவளே அவள்தான், மேற்குச் சுவரில் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது, ஐந்துக்கு மேல் ஒரு நொடியும் கூடாது என்று. அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டு, மைனியின் விலாவில் தலைமாட்டிலிருந்து வால்பக்கமாக உள்ளங்கையை ஓட்டினாள். செதில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், போகவில்லை. சிறு சிறு முடிச்சாக, ஈரத் துணியில் ஒட்டிய ஜவ்வரிசி மாதிரி, விரலுக்கு அடியில் நூற்றுக்கணக்காகத் தட்டுப்பட்டது. இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஐந்து நிமிடம் நல்ல தண்ணீரில் இருந்துவிட்டு, வெளுக்காமல், விடாமல், கண்ணாடியாகவே இருக்கிறது. முதுகுத்தண்டில் ஜில்லென்று ஒன்று இறங்கியது, அது பயமென்று பார்த்தால் முழுப்பயமும் இல்லை, கோயிலில் தேர் திரும்பும்போது வருகிற மாதிரி ஒன்று. எப்படி? எப்படி ஐயா முடிந்தது உனக்கு? யோசி, யோசி. போன மாதம் அந்த இரண்டு மீனையும் முக்கியபோது எவ்வளவு விழுந்தது, கொஞ்சம், ஒரு கைப்பிடி, குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷமல்லவா பட்டாள். அதற்கு முந்தின தடவை இன்னும் கொஞ்சம் அதிகம். அதற்கு முந்தி தேங்காய்ப்பூ. குறைந்துகொண்டே வந்தது, பூச்சி குறைகிறது என்று எழுதினாள், குறைந்தது பூச்சி இல்லை, விழுவதுதான் குறைந்தது. ஐந்தாவது நிமிடத்தில் விழாமல் மிஞ்சினவைதானே முட்டை போட்டன. ஐந்து தாங்கினவற்றின் பிள்ளைகள், அதிலும் தாங்கினவற்றின் பிள்ளைகள். முட்டை பொரிந்து, நீந்தி வந்து, மீனில் ஒட்டி, தான் முட்டை போட இரண்டரை வாரம். நாலு வருஷத்துக்கு எண்பது தலைமுறை. மனிதருக்கு எண்பது தலைமுறை என்றால் இரண்டாயிரம் வருஷம். அதோடு ஐப்பசி கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் இங்கே இறைக்கிற தண்ணீரே பாதி நல்ல தண்ணீர், அதிலும் பழகியிருக்கும். மழை பாதி சொல்லிக்கொடுத்தது, மீதியை யார் சொல்லிக்கொடுத்தது, மாதம் தவறாமல், மணி தவறாமல், ஐந்தே ஐந்து நிமிடம் என்று பாடம் எடுத்தது யார்?

ஆறு இருபது. தொம்மை அண்ணன் மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். மைனியின் செவுள் திறந்து மூடியது, திறந்து மூடியது, மெதுவாக. ஐந்து எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இத்தனை நாள் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள், வீட்டுக்குள் ஒரு மூலையில் சாமான் போட்டு மறைத்துவிட்டு அந்தப் பக்கம் விளக்குமாறு கொண்டுபோகாத மாதிரி. நாலு வருஷத்துக்கு முன் இதே தொட்டி. அப்போது மைனி மச்சானாக இருந்தது. புத்தகத்தில் பத்து நிமிடம் என்றுதான் இருந்தது, பத்துதான் வைத்தாள். எட்டாவது நிமிடத்தில் மச்சான் வெள்ளை வயிற்றைக் காட்டிப் புரண்டது, செவுள் நின்றது. தொம்மை அண்ணன் வாரிக்கொண்டு உப்புத் தொட்டிக்கு ஓடி, தண்ணீருக்குள் முன்னும் பின்னும் நடத்தி, அரை மணி நேரம் கழித்துத்தான் உயிர் வந்தது. அந்த அரை மணி நேரத்தில் பிலோமி குனிந்து காலடியில் பார்த்தாள். தண்ணீருக்குள் காற்று விடுகிற காற்றுக்கல்லுக்குப் போகிற குழாய்மேல் அவளுடைய இடது செருப்பு இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்தது என்று தெரியாது. செருப்பை எடுத்ததும் குழாய் புஸ்ஸென்று உயிர் பெற்று, காலித் தொட்டியில் கொப்புளம் கொப்புளமாக வந்தது, அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். முதலாளி ஜெயபாண்டி அண்ணாச்சி சாயங்காலம் வந்து, என்ன டாக்டரம்மா ஆச்சு என்று சும்மாதான் கேட்டார், கோபமாகக்கூட இல்லை. நல்ல தண்ணி இதுக்குச் சேரலைன்னு நினைக்கேன் அண்ணாச்சி, அஞ்சு நிமிசத்துக்கு மேல வைக்கக் கூடாது. அவ்வளவுதான் சொன்னாள். அன்று தொம்மை அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார், இது தண்ணி மயக்கம் மாதிரி இல்லையே தாயி, மூச்சு மயக்கம்லா, நான் எத்தனை பாத்திருக்கேன். இல்லண்ணே, புத்தகத்துல போட்டிருக்கு என்றாள் பிலோமி. புத்தகத்தில் எங்கே போட்டிருந்தது. அவர் சரி, நீ படிச்சவ என்று போய்விட்டார். ஒரு செருப்பு. ஒரு செருப்பை மறைக்க ஒரு ஐந்து. அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டு எண்பது தலைமுறை ஏறி வந்துவிட்டது, தென்னைமரத்தடியில் இரண்டு மீன் கிடக்கிறது, பூச்சிக்குத் தெரியுமா செருப்பும் அண்ணாச்சியும், அதற்குத் தெரிந்ததெல்லாம் ஐந்து நிமிடம் பொறுத்தால் உப்பு திரும்பி வரும் என்பது, பொய்யோ நிஜமோ கொடுத்த இடத்தில் அது நின்றது. அவளுடைய பொய்யைவிட ஒழுங்காக அது வேலை பார்த்திருக்கிறது. ஏழு ஐந்து. எடுத்துவிட்டால் மைனி இப்போதைக்குப் பிழைக்கும், பூச்சியும் பிழைக்கும், ஒரு வாரத்தில் கண் போகும். எடுக்காவிட்டால், கிராம்பு மயக்கத்தில் இருக்கிற சினைமீன், எத்தனை நிமிடம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள இருந்த நாலு வருஷத்தை அவள்தான் அழித்தாள்.

"ஏட்டி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க. ஏழரை ஆவுது. தூக்கவா?"

தூக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேறு வந்தது.

"அண்ணே, அன்னைக்கு மச்சான் மயங்குனது தண்ணியால இல்ல. காத்துக்குழாய் மேல நான் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க சொன்னதுதான் சரி, மூச்சுதான். நான் பாத்துட்டேன், பாத்துட்டும் சொல்லல."

காற்றுக்கல் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. வெளியே பம்ப் ஓடியது.  தொம்மை அண்ணன் மீனைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், விரித்து வைத்திருந்த விரல்களை.

"நாலு வருசமா நான் அமுக்கிட்டேன்னுல்ல இருந்தேன்," என்றார். "வயித்த இறுக்கிப் பிடிச்சிட்டேன், மூச்சு முட்டிட்டுன்னு. எலிசாகிட்டகூடச் சொல்லி அழுதிருக்கேன்."

எலிசா அவர் மனைவி.  இது பிலோமியின் கணக்கில் இல்லவே இல்லை, ஒரு செருப்புக்கு அடியில் காற்றுக்குழாய் மட்டும்தான் நசுங்கியதென்று நினைத்திருந்தாள். அந்தப் பூப்பிடியைப் பார்த்துப் பார்த்து, அண்ணனுக்கு மீன்மேல் எவ்வளவு பிரியம் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறாள். மன்னிச்சுக்கோங்க என்று சொன்னால் அது சின்னதாகத் தொட்டிக்குள் விழுந்து மிதக்கும் என்று தோன்றியது, சொன்னாள், மிதந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எட்டு நாற்பது. பிறகு அவர் இடது கையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, மைனியின் தாடைக்குக் கீழே, செவுள் சேருகிற இடத்தில் பெருவிரலை வைத்தார், நாடி பார்க்கிற மாதிரி, அழுத்தித்தான் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு கெடக்கு, நல்லாக் கெடக்கு என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. விடு, இன்னும் கெடக்கட்டும். நான் சொல்லும்போது தூக்கினாப் போதும், உன் போனப் பாக்காத. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு நேரம் என்பது செவுள்தான். திறக்கிறது, மூடுகிறது. பிலோமி எண்ணத் தொடங்கி, தன் மூச்சையும் சேர்த்து எண்ணிவிட்டு, விட்டுவிட்டாள். விளிம்பின் பிளாஸ்டிக் விலா எலும்பில் குத்தியது. கழுத்து வேர்வை தண்ணீரில் சொட்டியது, ஐயோ உப்பு என்று தலையைப் பின்னால் இழுத்தாள், ஆயிரம் லிட்டருக்கு ஒரு சொட்டு வேர்வை என்ன செய்யும், ஒன்றும் செய்யாது, இருந்தாலும் இன்று அவற்றுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்க மனமில்லை. கொடுக்க மனமில்லை என்றாலும் பகை வரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள், நாலாபுறமும் தண்ணீர் இடிக்கிறது, தோல் தள்ளுகிறது, ஐந்தாவது நிமிடம் போய்விட்டது, உப்பு வரவில்லை, எண்பது தலைமுறையாக வந்த உப்பு இன்று வரவில்லை, இருந்தும் விடவில்லை, எழுத்தில்லாமல் பேச்சில்லாமல் தாயிடமிருந்து பிள்ளைக்கு அந்தப் பொறுமையை மட்டும் எப்படிக் கைமாற்றிக் கொடுத்திருக்கும். அவற்றுக்குக் கிடைத்த மேய்ச்சல் மைதானம் ஒரே ஒரு மீன், அதையும் கொன்றுவிட்டால் அவையும் சாகும், அது மட்டும் அவற்றுக்குத் தெரியவில்லை. இல்லை, கடலில் மீன் எங்கே உரசிச் சாகும், நீந்திப் போய்விடும், சுவர் கட்டியது நாம்தான். திறக்கிறது. மூடுகிறது. திறக்க நேரமாகிறது. மூடுகிறது. அண்ணே என்றாள். பேசாத என்றார். திறக்கிறது. அப்போது கண்ணுக்கு மேலே, மூட்டத்தின் விளிம்பில், வெயில் பட்ட மாதிரி ஒரு புள்ளி. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள். பச்சரிசி. அது மெல்ல, வெட்கப்படுகிற மாதிரி, நடுவிலிருந்து பால்நிறமாகி விளிம்புக்குப் பரவியது. பக்கத்தில் இன்னொன்று. விலாவில் ஏழெட்டு. பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, காணாமல் இருந்த ஊர் முழுவதும் விளக்கு ஏற்றிய மாதிரி மைனியின் உடம்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்துகொண்டே வந்தது. தலையிலிருந்து வால்வரை, துடுப்பின் ஒவ்வொரு மடிப்பிலும், எங்கே தண்ணீர் வேகம் குறைவோ அங்கே அடர்த்தியாக, எங்கே செதில் மெல்லிசோ அங்கே வரிசையாக, அத்தனையும் இடம் பார்த்து அமர்ந்திருந்தன. அவள் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒன்றைப் பார்த்ததில்லை. சொல்லக்கூடாது, ஆனால் உண்மை. முதல் பூச்சி பிடியை விட்டு, ஆடி ஆடி அடியில் விழுந்தது. பிறகு மழை.

இப்பத் தூக்கு என்றார் தொம்மை அண்ணன். குரல் மாறியிருந்தது. செவுள் நின்று போயிருந்தது, அவள் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கி, ஆறு அடி எடுத்து வைத்து, உப்புத் தொட்டிக்குள் அவர் மீனோடு குதித்தார். நீயும் எறங்கு, வாலப் பிடி என்றார். சுடிதாரோடு இறங்கினாள். தண்ணீர் மார்பளவு. அவர் தலைப்பக்கம், இவள் வால்பக்கம், மைனியைத் தண்ணீருக்குள் முன்னே தள்ளிக்கொண்டு நடந்தார்கள், திரும்பினார்கள், மறுபடி நடந்தார்கள், திறந்த வாய் வழியே தண்ணீர் புகுந்து செவுள் வழியே போக வேண்டும். பதினோரு கிலோவும் கையில் ஈரச் சாக்கு மாதிரி தொங்கியது. இரண்டு நடை, மூன்று நடை.  மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது, மனம் வேறெங்கோ, இந்த வால் இந்த முட்டை இந்த எட்டு வருஷம், நான் பேசாமல் ஐந்திலேயே எடுத்திருக்கலாமோ, எடுத்திருந்தால் ஒரு வாரம் இருந்திருக்குமே, ஒரு வாரத்தில் எதையாவது கண்டுபிடித்திருக்கலாமே, பத்திலேயாவது. நாலாவது நடையில் தொம்மை அண்ணன் குனிந்து மீனின் காதுக்குச் சொல்வது மாதிரி, மைனி, நான் அமுக்கலயாம், கேட்டியா, நான் அமுக்கவே இல்லியாம் என்றார். ஐந்தாவது நடையும் முடிந்தது. ஆறாவதில் திரும்பும்போது பிலோமியின் உள்ளங்கைக்குள் வால்தண்டு ஒரு முறை இறுகியது, கயிற்றின் மறுமுனையை யாரோ சுண்டிய மாதிரி. அவள் சொல்வதற்குள் அது உதறியது. முகத்தில் தண்ணீர் அறைந்தது, கை காலியானது. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது மைனி தொட்டியின் மறுபக்கம், கொஞ்சம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, காற்றுக்கல்லின் கொப்புளத்துக்கு எதிராகத் தலையை வைத்து நின்றுகொண்டிருந்தது. சுவரில் உரசவில்லை.

இரண்டு பேரும் இன்னும் தண்ணீரில்தான் நின்றார்கள். எல்லாம் விழுந்திருக்குமா என்று தொம்மை அண்ணன் கேட்டார், முகம் பார்க்காமல்தான். விழாமல் நாலைந்தாவது இருக்கும் அண்ணே என்றாள், இப்போது உப்பில் மறுபடி கண்ணாடியாகியிருக்கும், தெரியாது. வலையில் முட்டை இருக்கிறது, நல்ல தண்ணீர் முட்டையை ஒன்றும் செய்யாது, ஐந்தாறு நாளில் பொரியும். இந்த வலையைக் கழற்றி வெயிலில் சருகாகக் காயப்போட வேண்டும், முட்டை விட்ட கையோடு மைனியை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும், பத்து நாளுக்குள், குட்டிகள் தாயாகுமுன் மறுபடி ஒரு முக்கு. எவ்ளோ நேரம் வைக்கணும் என்றார். அவள் யோசித்தாள். இன்று விழாமல் நின்றது எதுவோ, அது எண்பது தலைமுறையிலும் கெட்டி, அதற்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் அதையும் கற்றுக்கொள்ளும்.

"நேரம் வேண்டாண்ணே. நீங்க மூச்சப் பிடிச்சுப் பாருங்க, நான் வெளுக்கறதப் பாக்கேன். ஒவ்வொரு தடவையும் வேற வேறயா இருக்கட்டும்."

 அவர் தொட்டியை விட்டு ஏறி, இடுப்புச் சாரத்தைப் பிழிந்துகொண்டு, அண்ணாச்சிகிட்ட யாரு சொல்லுவா என்று கேட்டார். நான்தான் என்றாள் பிலோமி. முழுசாவா என்றார். முழுசா. அவர் கொஞ்ச தூரம் நடந்து போய், நின்று, திரும்பி வந்தார். எலிசாகிட்டயும் நீயே வந்து சொல்லிரு, நான் சொன்னா நம்ப மாட்டா என்றார், சிரிக்காமல்.